கேட்கப் பழகிய மாஸ்டர்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவருக்கு மாஸ்டர் என்று பெயர். வீட்டில் மனைவி "என்னங்க" என்பாள், மகள் "அப்பா" என்பாள். மற்றபடி அந்த வட்டாரத்தில் ஸ்டியரிங் பிடித்தவர்களில் பாதிப் பேருக்கு அவர் மாஸ்டர்தான். பழகுபவர் ஓட்டுவார், இவர் பக்கத்து இருக்கையில் தனக்கென்று இருக்கும் பிரேக்கின்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு கத்துவார். கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தாலும் சிக்னலில் நிற்கும் பக்கத்து வண்டிக்காரருக்குக் கேட்கும்.

"கிளட்ச்ச மிதிக்கச் சொன்னா கொசுவ மிதிக்கிற மாதிரி மிதிக்கிறீங்க" என்பார். "கண்ணாடி எதுக்கு வச்சிருக்கு, தலை சீவறதுக்கா?" என்பார். ஒருமுறை ஒரு நர்ஸம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, நடுச்சந்தியில் வண்டியை அப்படியே நிறுத்தி, கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடிக்க, மாஸ்டர் இந்தப் பக்க இருக்கையிலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தவழ்ந்து போய் வண்டியை எடுத்தார். அதை வெகுநாள் சிரிப்புக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தன் கையில் பழகிய யாரும் இதுவரை விபத்தில் சிக்கியதில்லை என்பதில் அவருக்கு அசைக்க முடியாத பெருமை. கத்துவதால்தான் அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று மனதார நம்பினார்.

வீட்டிலும் அதே தொண்டைதான். விளக்கு எரிந்தால் கத்துவார், செருப்பு இடம் மாறியிருந்தால் கத்துவார், மதிப்பெண் குறைந்தால் தெருவே கேட்கும். ஆனால் கை நீட்டியதில்லை. அவருடைய அப்பா பேச்சு வார்த்தை ஏதுமில்லாமல் நேராக பெல்ட்டைக் கழற்றுகிறவர். கழற்றாத தன்னை மாஸ்டர் தங்கமான தகப்பன் என்றே எண்ணி வந்தார்.

மனைவிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. விடியற்காலையிலேயே வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பவர்களுக்கு நரம்பு தேடி ஊசி குத்துவாள். வலிக்காமல் குத்துவதற்குப் பேர் போனவள். ஊசிக்குப் பயப்படுகிறவர்களிடம் பேசிப் பேசி அவளுடைய குரல் தணிந்தே போயிருந்தது. மாஸ்டர் கத்தும்போது அவள் எதிர்த்துப் பேசமாட்டாள். எழுந்து போய் மகளின் அறைக் கதவைச் சாத்துவாள்.

மகள் ஒன்பதாம் வகுப்பு. ஒரே பிள்ளை. அவளுக்குப் புருவம் இல்லை என்று மாஸ்டருக்குப் பள்ளிக்கூடம் கூப்பிட்டுச் சொல்லித்தான் தெரிந்தது.

பள்ளியில் பிள்ளைகளின் மனக்குறை கேட்பதற்கென்று ஒரு கவுன்சிலர் இருந்தாள். சின்ன அறை, சாய்வு சோபா, மேசைமேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. மாஸ்டரையும் மனைவியையும் உட்காரவைத்து, பிள்ளை தன் புருவ முடியையும் இமை முடியையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிடுகிறாள், வெளியில் தெரியாமலிருக்கப் பென்சிலால் வரைந்துகொள்கிறாள், மழையில் நனைந்த அன்று வரைந்தது வழிந்துவிட்டதால்தான் எங்களுக்கே தெரிந்தது என்றாள்.

அழகு நிலையத்தில் இதைத்தானே காசு வாங்கிக்கொண்டு செய்கிறார்கள் என்றார் மாஸ்டர். கவுன்சிலர் சிரிக்கவில்லை. மனைவி தலை குனிந்திருந்தாள். படிப்பு மேசைமேல் பொடி முடிகள் கிடப்பதைப் பல மாதமாக அவள் பார்த்திருக்கிறாள். ஈரத்துணியால் துடைத்துவிட்டு யாரிடமும் வாய் திறக்கவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு கத்தல் இருக்கும் என்ற பயம்.

பிள்ளையை ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும், கூடவே பெற்றவர்களும் வகுப்புக்குப் போக வேண்டும் என்றாள் கவுன்சிலர். பிள்ளையின் மனதை எப்படிக் கேட்பது, கோபத்தை எப்படிக் கையாள்வது என்று பெற்றோருக்குச் சொல்லித்தரும் வகுப்பு. ஓர் அமைப்பு நடத்துகிறது. அவளுக்கு உடம்பு சரியில்லை என்றால் எனக்கு எதற்கு வகுப்பு என்று மாஸ்டர் கேட்டார். கவுன்சிலர் முகவரிச் சீட்டை நீட்டினாள். சனிக்கிழமைகளில் மனைவிக்கு ஓய்வு கிடையாது. ஆகவே போக வேண்டியவர் மாஸ்டர் என்று ஆயிற்று.

நூலகத்துக்கு மேல் மாடி. பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வகுப்பு எடுக்கிற அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். எல்லோரும் அவளை மேடம் என்றார்கள். முதல் நாள், இப்போது உங்கள் மனதில் என்ன உணர்ச்சி ஓடுகிறது, ஒரே சொல்லில் சொல்லுங்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தாள். ஒருவர் பதற்றம் என்றார், ஒரு தாய் குற்ற உணர்ச்சி என்றாள். மாஸ்டர் முறை வந்தது. "பசி" என்றார். வட்டமே சிரித்தது. மேடமும் சிரித்தாள். அவரை அந்த வகுப்பில் உட்காரவைத்தது அந்தச் சிரிப்புதான். பாடம் அவருக்கு ஏறவில்லை.

வாரா வாரம் ஏதாவது ஒன்று சொல்லித் தந்தார்கள். பிள்ளை அழுதால் 'ஒண்ணுமில்ல, விடு' என்று மூடி போடாதீர்கள். 'ஏன் இப்படிச் செய்தாய்' என்பது விசாரணை. அதை விட்டு 'உனக்குக் கஷ்டமாக இருக்கிறது போல' என்று சொல்லிப் பாருங்கள். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். தீர்ப்புச் சொல்லாதீர்கள், யோசனையும் சொல்லாதீர்கள். மாஸ்டருக்கு இதெல்லாம் வெட்டிப் பேச்சாகப் பட்டது. தப்பான கியரைப் போடுகிறவனிடம் உனக்குக் கஷ்டமாக இருக்கிறது போல என்றால் வண்டி லாரிக்கு அடியில் போய்விடும் என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் முணுமுணுத்தார்.

பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு பல் டாக்டர். நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்கிற மனிதர். அவர் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. ஒரு சனிக்கிழமை மேடம் இவர்கள் இருவரையும் நடுவில் நிறுத்தி நாடகம் ஆடச் சொன்னாள். மாஸ்டர் தன் மகளாக உட்கார வேண்டும், பல் டாக்டர் மாஸ்டராக வரவேண்டும். வீட்டில் நீங்கள் வழக்கமாகச் சொல்வதை அவரிடம் சொல்லிக் கொடுங்கள் என்றாள். மாஸ்டர் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தார்.

பல் டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒரு குரல் அவரிடமிருந்து கிளம்பியது.

"வீட்டுக்குள்ள வந்ததும் ஏன் எனக்கு இந்த மூஞ்சியக் காட்டற? லைட்ட யாரு அணைப்பா, கலெக்டர் வந்து அணைப்பாரா? நான் பேசிட்டிருக்கேன், என்னப் பாரு. பாக்காத. எதுக்கு மொறைக்கிற? இப்ப நான் என்ன சொல்லிட்டேன்னு இந்த அழுகை?"

குட்டை நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாஸ்டர் அண்ணாந்து பார்த்தார். நாடகம்தான் என்று தெரியும். எதிரில் நிற்பவர் சாதுவான பல் டாக்டர் என்றும் தெரியும். ஆனாலும் பார் என்கிறான், பார்க்காதே என்கிறான், எங்கேதான் பார்ப்பது என்று நிஜமாகவே தவித்தார். மேடம் கையைக் காட்டி நிறுத்தியபோது அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று வீட்டுக்குப் போகிற வழியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் முயற்சி தொடங்கியது. ஆரம்பம் கண்ணராவி. கணக்கில் மதிப்பெண் குறைந்த தாளை மகள் நீட்டியபோது மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, "உனக்கு வருத்தமா இருக்கு போல" என்றார். அவள் இரண்டடி பின்வாங்கி, "அப்பா, உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். கத்தல் தொண்டை வரை வந்துவிட்டால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பார். அந்த மாதங்களில் மேல்தொட்டி அடிக்கடி காலியானது. ஆனால் மனிதர் விடவில்லை. ஒரு காரியத்தைப் பிடித்தால் பழகும்வரை பழகுகிற ஆள். சாப்பிடும்போது மகள் பள்ளிக்கதை எதையாவது ஆரம்பித்தால் குறுக்கே பேசாமல் உட்கார்ந்திருக்கக் கற்றுக்கொண்டார். மனைவி அறைக் கதவைச் சாத்த எழுவது குறைந்தது.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் டியூஷன் முடிந்த மகளை அழைத்துவரப் பயிற்சி வண்டியிலேயே போனார். அவள் வழக்கம்போல் பின்னால் ஏறிக்கொண்டாள். வழியில் மரம் விழுந்து போக்குவரத்து நின்றுவிட்டது. முன்னாலும் போகமுடியாது, பின்னாலும் திரும்பமுடியாது. மழை கூரைமேல் அடித்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் எஞ்சினை அணைத்தார். மரத்தை அறுக்காமல் எங்கே போய்த் தொலைந்தார்கள் என்று கத்த வந்ததை விழுங்கிக்கொண்டு சும்மா இருந்தார்.

"அப்பா" என்றாள் பின்னாலிருந்து. "ஒண்ணு சொல்லணும்."

அவர் திரும்பினார்.

"திரும்பிப் பாக்காதீங்கப்பா. முன்னாடியே பாருங்க, சொல்றேன்."

அவர் முன்கண்ணாடியில் வழிகிற தண்ணீரைப் பார்த்தார். அவள் சொன்னாள். சாயங்காலம் அவர் வண்டி தெருமுனை திரும்புகிற சத்தம் கேட்டதுமே விளக்கு, செருப்பு எல்லாவற்றையும் ஓடி ஓடிச் சரிபார்க்கத் தோன்றும் என்றாள். சில நாள் அவர் வர நேரமாகும்.

"அப்ப, நீங்க வராமலே போயிட்டா நல்லாருக்கும்னு தோணும். எங்கயாவது வண்டி மோதி... அந்த மாதிரி. வேணும்னு நெனைக்கலப்பா, தானா வரும். வந்ததும் பயமாயிடும், நான் நெனைச்சதாலயே உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு. அப்ப கை தானா புருவத்துக்குப் போயிடும். ஒரு முடி வலிச்சு வந்தா, அப்பா பத்திரமா வந்துடுவாருன்னு ஒரு கணக்கு."

மாஸ்டருக்குச் சமாதானம் சொல்லத் தோன்றியது, கோபம்கூட வந்தது. எதையும் சொல்லவில்லை. காத்திருந்தார். பிறகு, "இத்தன நாள் தனியாவே வச்சிருந்திருக்கியேம்மா. ரொம்ப பாரமா இருந்திருக்கும்" என்றார். பின்னால் அவள் அழுகிற சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சொன்னபடி முன்னாலேயே பார்த்துக்கொண்டு, கையை மட்டும் இரு இருக்கைகளுக்கும் நடுவே பின்னால் நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்றாள். சரி என்றார்.

அவர் வாழ்க்கையில் செய்த ஆகச்சிறந்த காரியம் அதுதான். அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையைச் சொல்லவே வேண்டியிருக்காது. அடுத்த சில மாதங்களில் டாக்டரின் வைத்தியமும் சேர்ந்து, மகளின் புருவத்தில் பூனை முடிபோல் ஒரு வரிசை முளைத்தது. பென்சில் டப்பாவுக்குள் போயிற்று. அவள் வண்டியில் முன்னால் உட்காரத் தொடங்கினாள்.

வகுப்பில் ஒரு சனிக்கிழமை மேடம், வீட்டில் ஏதாவது மாற்றம் தெரிகிறதா என்று கேட்டாள். மாஸ்டர் எழுந்தார். மழையைச் சொல்ல ஆரம்பித்தவர் மகள் சொன்னதையும் சொல்லிவிட்டார். அம்மாவிடம் சொல்லக்கூடாது என்றுதானே பேச்சு, இங்கே அம்மா இல்லையே என்று ஒரு சமாதானம் அவருக்குள் ஓடியது. சொல்லும்போதே குரல் உடைந்து அழுதார். வட்டம் முழுக்க அழுதது. பல் டாக்டர் எழுந்துவந்து கட்டிக்கொண்டார். கத்தினவர், திட்டு வாங்கினவர், சிரிக்கவைத்தவர் என்று பல பேர் எடுத்திருந்த மாஸ்டரை அதுவரை ஒருவரும் நல்லவர் என்று சொல்லிக் கட்டிக்கொண்டதில்லை.

அமைப்பின் ஆண்டு விழாவில் இதைப் பேச முடியுமா என்று மேடம் கேட்டாள். மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டீர்களா என்றும் கேட்டாள்.

"கேட்டுட்டேன் மேடம். சரின்னுட்டா."

கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாள் என்று அவருக்குத் தெரியும். மேடம் அதற்குமேல் துருவவில்லை.

விழாவில் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அதன்பின் அழைப்பு மேல் அழைப்பு. பள்ளிகள், தொழிற்சாலைகள், ஒரு மருத்துவமனை. மாஸ்டர் நல்ல சட்டை இரண்டு தைத்துக்கொண்டார். கதை ஊருக்கு ஊர் மெருகேறியது. எங்கே நிறுத்தினால் சபை மூச்சைப் பிடிக்கும், எங்கே குரலை இறக்கினால் பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள் என்று பிடிபட்டுவிட்டது. மகள் பேசுகிற இடம் வந்ததும் குரலை மெல்லியதாக்கி அவளைப் போலவே பேசுவார். 'திரும்பிப் பாக்காதீங்கப்பா' என்று சொல்லிவிட்டு, சபைக்கு முதுகைக் காட்டி நின்றுவிடுவார். அரங்கமே நிசப்தமாகிவிடும். அந்த நிசப்தத்துக்காக அவர் எத்தனை தூரம் வேண்டுமானாலும் போகத் தயாராயிருந்தார். பேசி முடித்ததும் அப்பாக்கள் வரிசையில் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவர்களில் சிலர் உண்மையிலேயே திருந்தினார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

வீட்டில் மட்டும் அவருக்கு நேரம் குறைந்துபோயிற்று. மகள் ஏதாவது சொல்ல வந்தால் நன்றாகத்தான் கேட்டார். ஆனால் கேட்கும்போதே, இதை எங்கே சேர்க்கலாம் என்று மனது ஒரு ஓரமாகக் கணக்குப் போட ஆரம்பித்திருந்தது.

மனைவிக்கு விஷயம் பரிசோதனை நிலையத்தில் தெரிந்தது. கூட வேலை செய்கிறவள், 'உங்க வீட்டுக்காரர் மாதிரி இருக்குதே' என்று போனில் ஒரு மேடைப் பேச்சு வீடியோவைக் காட்டினாள். தன் மகள் இத்தனை நாள் மனதில் என்ன வைத்திருந்தாள் என்பதை அந்தத் தாய், ரத்தக் குப்பிகள் அடுக்கிய தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களோடு நின்று கேட்டாள்.

சாயங்காலம் மகள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டாள். "அவ உங்ககிட்ட சொன்னா. ஊருக்குச் சொல்லல. அவளுக்குத் தெரியுமா இது?"

பேர் சொல்லவில்லையே என்றார் மாஸ்டர். எத்தனை வீட்டில் இதனால் விளக்கு எரிகிறது தெரியுமா என்றார். நீ ஒரு நாளாவது வகுப்புக்கு வந்து பார்த்தால் தெரியும் என்றார். "உனக்கு இது சங்கடமா இருக்குன்னு புரியுது" என்று வகுப்பில் படித்த குரலில் சொன்னபோது அவள் எழுந்து போய்விட்டாள். பழையபடி அவர் கத்தியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வெறுத்திருக்காது.

மகளிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவள் தினமும் நினைத்தாள். முளைத்திருந்த புருவத்தைப் பார்த்துப் பார்த்து நாளைத் தள்ளினாள். அதற்குள் மகளின் பள்ளியிலிருந்தே மாஸ்டருக்கு அழைப்பு வந்துவிட்டது.

பெற்றோர் கூட்டம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அன்று பெற்றோர் எதிர்பார்த்த அளவு வரவில்லை. பின்வரிசைகள் காலியாகக் கிடந்ததால் தலைமை ஆசிரியை மேல்வகுப்பு மாணவிகளைக் கூட்டிவந்து உட்காரவைத்தாள். மாஸ்டர் கதையில் மழைக்கு வந்துவிட்டிருந்தார். எஞ்சினை அணைத்துவிட்டிருந்தார். அப்போதுதான் மகளைப் பார்த்தார். தோழிகள் இருவருக்கு நடுவே, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நிறுத்தியிருக்கலாம். வேறு கதைக்குத் தாவியிருக்கலாம். மேடையில் பழுத்த மனிதருக்கு அது பெரிய வித்தையில்லை. தொண்டை அடைத்ததுபோல் நடித்துத் தண்ணீர் கேட்டிருந்தாலும் போதும். ஆனால் அரங்கம் அவர் கைக்குள் வந்துவிட்டிருந்தது, மூச்சுச் சத்தம்கூட இல்லை. குரல் தானாக மெல்லியதாயிற்று. "திரும்பிப் பாக்காதீங்கப்பா" என்றார். முதுகைக் காட்டி நின்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார், வண்டி மோதவேண்டும் என்று அவள் நினைத்ததையும் சேர்த்து.

கைதட்டலுக்கு நடுவே தலைமை ஆசிரியை மைக்கை வாங்கி, அந்தத் தைரியசாலிப் பெண் நம் பள்ளியில்தான் படிக்கிறாள் என்று பூரிப்போடு அறிவித்து, மேடைக்கு வரச் சொன்னாள். வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பி அவளுடைய முகத்தை, குறிப்பாகப் புருவத்தை, பார்த்தன. அவள் எழுந்து வந்தாள். படியேறினாள். மாஸ்டர் கைகளை விரித்தார். அவள் வந்து கட்டிக்கொண்டாள். படம் எடுக்கிறவர் இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னபோது இந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தாள். மாஸ்டரின் கைக்குள் இருந்த உடம்பு சட்டை மாட்டிய கம்பிபோல் விறைத்திருந்தது.

வீட்டுக்கு வரும்போது அவள் பின் இருக்கையில் ஏறிக்கொண்டாள். சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள். மாஸ்டர் அவள் அறை வாசலில் தரையில் உட்கார்ந்தார். பிள்ளையின் கண்மட்டத்துக்குக் கீழே உட்காருங்கள் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

"உனக்கு என்மேல கோவம் இருக்கும்னு தோணுது."

"இல்லப்பா."

அவர் காத்திருந்தார்.

"நல்லா பேசினீங்க. எல்லாரும் சொன்னாங்க" என்றாள். பாடப் புத்தகத்தைத் திறந்துகொண்டாள்.

முன்பெல்லாம் மகள் இப்படிச் சொல்லியிருந்தால் அவர் நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பார். இப்போது கற்றவர். அந்தக் குரலில் எதுவுமே இல்லாததும், அவள் கண் எழுத்தின்மேல் நகராமல் நின்றதும் அவருக்குத் தெரிந்தது. இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று நாலு ஊருக்குப் பாடம் எடுத்தவரே அவர்தான்.

பள்ளியில் அவள் நடைபாதையில் போனால் பின்னாலிருந்து ஏதாவது ஒரு குரல் மெல்லிசாக, "திரும்பிப் பாக்காதீங்கப்பா" என்று இழுக்கும். நாலைந்து பேர் முதுகைக் காட்டி நிற்பார்கள். இதை அவள் வீட்டில் சொல்லவில்லை. கவுன்சிலர் அவள் தாயைக் கூப்பிட்டுச் சொன்னாள். வருடம் முடிவதற்குள் புருவம் போயிற்று. பிறகு உச்சந்தலையில் வட்டமாக முடி போயிற்று. தலைக்குத் துணி கட்டிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போனாள். எந்த டாக்டரிடமும் பேசமாட்டேன் என்றுவிட்டாள். பேசினால் அது எங்கே போகுமோ என்றாளாம் தாயிடம்.

மாஸ்டர் மேடத்திடம் ஓடினார். மகளைக் கேட்காமலே கேட்டதாகச் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டார். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நானும் அவளிடம் நேரில் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்றாள். அதோடு விட்டிருக்கலாம். பழக்கதோஷம், "இந்தத் தப்பையும் நீங்க ஒரு நாள் பகிர்ந்துக்கணும் சார். பல பேருக்குப் பாடமா இருக்கும்" என்று முடித்தாள். மாஸ்டர் கும்பிட்டுவிட்டு மாடிப்படி இறங்கினார். அதன்பின் மேடை ஏறவில்லை. ஆனால் வீடியோ போனுக்குப் போன் போய்க்கொண்டிருந்தது. அழிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்றால் யாரைக் கேட்பது?

வருடங்கள் ஓடின. மகள் வேறு ஊரில் படிக்க இடம் வாங்கிக்கொண்டாள். இதே படிப்பு இங்கேயே இருந்தது. யாரும் அதைப் பேசவில்லை. படிப்பு முடிந்து அங்கேயே விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலை. தாயிடம் போனில் வாரம் தவறாமல் பேசுவாள். மாஸ்டர் போனை வாங்கினால், சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று மரியாதையாக விசாரிப்பாள். எதையும் மறைக்கிறாள் என்று குற்றம் சொல்ல முடியாது, அவ்வளவு ஒழுங்கான பேச்சு. கார் ஓட்டும் உரிமம் எடுத்துவிட்டாள் என்று ஒருநாள் மனைவி சொன்னாள். அந்த ஊரில் யாரோ ஒரு மாஸ்டரிடம் பழகினாளாம். இவர் வாசலுக்குப் போய், துடைத்த வண்டியையே மறுபடி துடைத்தார்.

அவர் இப்போது கத்துவதில்லை. "பரவால்ல, மெதுவா, மறுபடி பாப்போம்" என்கிறார். பழக வருகிறவர்கள் இவரிடம்தான் பழகுவேன் என்று காத்திருக்கிறார்கள். முதலாளிக்கு வாயெல்லாம் பல். ஓட்டிக்கொண்டே தங்கள் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்கிறவர்களும் உண்டு. கேட்டுக்கொள்வார். யாரோ பெற்ற பிள்ளைகளெல்லாம் அவரிடம் மனதைத் திறந்தார்கள்.

போன வருடம் மனைவிக்குப் பித்தப்பையில் கல் என்று அறுவை சிகிச்சை நடந்தது. மகள் வந்தாள். தலையில் துணி இல்லை. முடி கழுத்துவரை வெட்டியிருந்தது. புருவத்தை மாஸ்டர் நேராகப் பார்க்கவில்லை. மனைவியை உள்ளே கொண்டுபோன பிறகு இருவரும் ஆஸ்பத்திரி கேன்டீனில் ஆளுக்கொரு டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எத்தனையோ தடவை மனதுக்குள் ஒத்திகை பார்த்ததை மாஸ்டர் ஒத்திகை இல்லாமல் சொன்னார்.

"அன்னைக்கு உன்னப் பாத்தேம்மா. பாத்துட்டும் நிறுத்தல."

"தெரியும்ப்பா. நீங்க பாத்தத நானும் பாத்தேன்."

டீயில் ஆடை படிந்தது. அவள் கரண்டியால் அதை ஒதுக்கினாள்.

"நீங்க கத்தறப்போ கஷ்டமாதான் இருந்துச்சு. ஆனா என் மனசுக்குள்ள நீங்க வரல, அது எனக்குன்னு இருந்துச்சு. கதவத் தட்டி உள்ள வந்தீங்க, நானும் விட்டேன். அப்புறம் ஊரக் கூட்டி உள்ள சுத்திக் காட்டிட்டீங்க."

கோபமே இல்லாமல் சொன்னாள். அவர் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். அழுதால் அவள் சமாதானம் சொல்ல வேண்டிவரும். பிறகு, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். பரவாயில்லை, இரண்டு வருடமாக ஒரு டாக்டரிடம் போகிறேன் என்றாள்.

"என்ன சொல்றாங்க டாக்டர்?"

அவள் டீயைக் குடித்து முடித்தாள்.

"அது எங்களுக்குள்ள இருக்கட்டும்ப்பா."

சரிம்மா என்றார். மனைவிக்கு மயக்கம் தெளிந்துவிட்டதென்று செவிலி வந்து சொன்னாள். மகள் எழுந்து இரண்டு டம்ளர்களையும் எடுத்துப்போய்த் தொட்டியில் வைத்துவிட்டு முன்னால் நடந்தாள்.

தாய் வீட்டுக்கு வந்து எழுந்து நடமாடுகிறவரை மகள் இருந்தாள். மருந்து நேரங்களை அப்பாவுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். கிளம்புகிற அன்று அவர் கொண்டுவிடுகிறேன் என்றதற்கு, வேண்டாம்ப்பா, ஆட்டோ சொல்லிவிட்டேன், நீங்கள் அம்மாவைப் பாருங்கள் என்றாள். ஆட்டோ வந்தது. பையைத் தூக்கிக் கொடுத்தார். போய்ச் சேர்ந்ததும் அம்மாவுக்குப் போன் செய்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.